உபாத்தியாயரின் பாட்டும் ஆச்சியின் குரலும்

காவியம் பாடுகிறவனுக்கு ஆயிரக்கணக்கான விருத்தங்கள் கைவசம் இருக்கின்றன. ஓரிடத்தில் சொல் தளர்ந்தாலும் அடுத்த படலத்தில் நிமிர்த்திக்கொள்ளலாம். வர்ணனையில் தவறவிட்டதைச் சம்பாஷணையில் ஈடு செய்துவிடலாம். நாலே கண்ணிகளில், நாலைந்து வயசுப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கட்டுகிறவனுக்கோ அந்தச் சலுகை எதுவும் கிடையாது. அவனுக்கு வாய்த்த ரசிகர்கள், பிடிக்காத பாட்டுக்கு மரியாதைக்காகக்கூடத் தலையசைக்காதவர்கள். சந்தம் கொஞ்சம் இடறினாலும் வாசலில் போகும் ஆட்டுக்குட்டியின் பக்கம் கண்ணைத் திருப்பிவிடுகிறவர்கள். பிடித்துவிட்டாலோ, தலை நரைத்து, பல் விழுந்து, பேரன் பேத்தி எடுத்த பிறகும் அதை ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் சொல்லக்கூடியவர்கள். இப்படிப்பட்ட சபையில் நின்று ஜயித்தவர்கள் தமிழில் வெகு சிலர். அந்தச் சிலரில் முதல் ஸ்தானம் நாஞ்சில் நாட்டுப் பள்ளி உபாத்தியாயராக வாழ்ந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளைக்கே உரியது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவருடைய குழந்தைப் பாட்டுகளை ‘எளிமை’ என்ற ஒரு வார்த்தையால் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. எளிமை அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் அது தானாக வந்து அமைந்ததல்ல. கைதேர்ந்த ஒரு சிற்பி, வேண்டாத கல்லையெல்லாம் கழித்துக் கழித்து, கடைசியில் எஞ்ச வேண்டியதை மட்டும் எஞ்சவிட்ட வேலை அது. அந்த வேலையின் நுட்பத்தை நிதானமாக நின்று பார்க்கவும், அந்தப் பாட்டுகளைக் குழந்தைகளின் நாவில் ஏற்றிவிட்டுத் தங்கள் பெயர் எங்கும் பதியாமல் மறைந்துபோன ஆசிரியைகளையும் ஆச்சிமார்களையும் நினைத்துக்கொள்ளவுமே இதை எழுதுகிறேன்.

நாஞ்சில் நாடு என்றதுமே நெல்லும் நீரும் நினைவுக்கு வரும். பழையாற்றுப் பாசனத்தில், குளத்துக்குக் குளம் மடை திறந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைந்த அந்தப் பூமி, அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கே சோறு போட்ட பூமி. சுசீந்திரத்துக்கு அண்மையில், விரிந்த குளமும் வயல்களும் சூழ்ந்த தேரூரில், 1876-ஆம் வருஷம் ஜூலை 27-ஆம் தேதி சிவதாணுப் பிள்ளைக்கும் ஆதிலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார் தேசிகவிநாயகம். ஊரார் பேசியது தமிழ். சர்க்கார் நடத்தியது மலையாளத்தில். ஆகையால் பள்ளிக்கூடத்தில் அவர் மலையாளமே கற்க வேண்டியிருந்தது. தமிழை அவருக்கு ஊட்டியவர், பக்கத்து வாணன்திட்டில் இருந்த திருவாவடுதுறை ஆதீனத்து மடத்தின் தலைவர் சாந்தலிங்கத் தம்பிரான். சொந்த பாஷையைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியே தேடிப் போய்ப் படித்த அந்தப் பிள்ளைதான், பிற்காலத்தில் அதே பாஷையைப் பள்ளிக்கூடத்துக்குள்ளே, அதுவும் சிலேட்டும் குச்சியுமாக வந்து உட்காருகிற சின்னஞ்சிறு வகுப்புக்குள்ளே, பாட்டின் மூலம் குடியேற்றியது.

கோட்டாற்றுப் பள்ளியிலும், நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும், பிறகு திருவனந்தபுரத்தில் பெண்களுக்கான போதனாமுறைப் பாடசாலையிலும் கல்லூரியிலுமாக அவர் ஆசிரியத் தொழில் செய்தது 36 ஆண்டுகள். 1931-இல் ஓய்வு பெற்று, மனைவி உமையம்மையின் ஊராகிய புத்தேரியில் வந்து தங்கினார். போதனாமுறைப் பாடசாலை என்பது ஆசிரியர்களை உண்டாக்குகிற பள்ளிக்கூடம். அங்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு பாடத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்க வேண்டும். நாளைக்கு ஏதோ ஒரு கிராமத்து ஓலைக்கூரையின் கீழ் ஐம்பது பிள்ளைகளுக்கு எதிரே தனியாக நிற்கப் போகிற ஓர் இளம் பெண்ணுக்கு, எந்தச் சொல் குழந்தையின் வாயில் உருளும், எந்தச் சொல் தொண்டையில் சிக்கும், எந்த இடத்தில் மூச்சு விட வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தினால் கடைசி வரிசைப் பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும் என்பதையெல்லாம் எடுத்துக்காட்ட வேண்டிய பொறுப்பு வருஷக்கணக்கில் அவர் தலையில் இருந்தது. கவிமணியின் கலையை விளக்கப் புகுகிறவர்கள் அவருடைய கம்பராமாயணப் பயிற்சியைச் சொல்லுவார்கள். ஆங்கிலக் கவிதைப் பழக்கத்தைச் சொல்லுவார்கள். கல்வெட்டு ஆராய்ச்சியையும் சொல்லுவார்கள். இவை யாவும் மெய். ஆனால் குழந்தைப் பாட்டைப் பொறுத்தவரை அவருக்குக் குரு அந்த வகுப்பறைதான் என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய பசுவும் கன்றும் பாட்டை அறியாத தமிழ்ப் பிள்ளை இருக்க முடியாது. எட்டே அடிகள், நான்கு கண்ணிகள். ஒற்றைப்படை அடிகள் எல்லாம் பசுவில் முடிகின்றன. இரட்டைப்படை அடிகள் எல்லாம் கன்றில் முடிகின்றன. இந்த ஏற்பாட்டின் சாதுரியத்தைக் கவனிக்க வேண்டும். அடியின் முடிவு எப்போதும் நிச்சயம். குழந்தைக்கு அங்கே சந்தேகமே கிடையாது. நடுவில் வருகிற வினைச்சொல் ஒன்றுதான் மாறிக்கொண்டு வருகிறது. அதாவது, தெரிந்ததன் மேல் காலை ஊன்றிக்கொண்டு தெரியாததைத் தொட்டுப் பார்க்கும்படி குழந்தையை விட்டிருக்கிறார். கல்வி சாஸ்திரத்தில் பெரிய பெரிய புத்தகங்கள் இதைத்தான் சொல்லுகின்றன. இங்கே அது எட்டு அடிகளில் காரியமாகவே நடந்துவிடுகிறது. அந்த வினைச்சொற்களும் பண்டிதர் வழக்கில் இல்லை. திண்ணையிலும் தொழுவத்திலும் ஜனங்கள் வாயில் புழங்குகிற ‘உது’ ஈற்றில் முடிகின்றன. இலக்கண சுத்தமாக எழுதத் தெரிந்த ஒருவர், ஓலைச்சுவடியும் கல்வெட்டும் வாசிக்கத் தெரிந்த ஒருவர், தெரிந்தே செய்த தேர்வு இது.

மோனையின் வேலை இன்னும் அழகானது. நான்கு கண்ணிகளிலும் இரண்டிரண்டு அடிகளின் முதலெழுத்துகள் ஒன்றையொன்று தேடி வந்து நிற்கின்றன: முதற்கண்ணியில் தகரம், இரண்டாவதில் அகரம், மூன்றாவதில் நகரம், நான்காவதில் மகரம். பசுவின் அடி எந்த ஒலியில் புறப்பட்டதோ அந்த ஒலியிலேயே கன்றின் அடியும் புறப்படுகிறது. மோனை இலக்கணம் ஒன்றும் அறியாத குழந்தை, அந்த ஒலியைப் பிடித்துக்கொண்டு அடுத்த அடிக்குத் தானே போய்விடுகிறது. இரண்டு அடிகளுக்கும் இடையில், பசுவின் அடி முடிந்த இடத்தில், ஒரு சின்னஞ்சிறு தனிச்சொல்லை வைத்திருக்கிறார். ஓடையைத் தாண்டுகிறவன் காலுக்கு நடுவில் அகப்படும் ஒற்றைக் கல்லைப்போல அது கிடக்கிறது. அதன் மேல் கால் வைத்துத்தான் அடுத்த கரைக்குத் தாவ வேண்டும். அந்தத் தனிச்சொல்லை நீக்கிப் பாடிப் பாருங்கள். பொருள் கெடாது, பாட்டுப் படுத்துவிடும்.

இவ்வளவும் ஓசையைப் பற்றியது. உள்ளே ஒரு நாடகமும் நடக்கிறது. முதற்கண்ணியில் பசு ஓரிடத்தில் மேய்கிறது, கன்று அதன் போக்கில் துள்ளித் திரிகிறது. இரண்டுக்கும் நடுவே வெளி கிடக்கிறது. அடுத்ததில் தாய் கூப்பிடுகிறது, பிள்ளை ஓடி வருகிறது. மூன்றாவதில் தாயின் நாவும் கன்றின் உடலும் சேர்ந்துவிடுகின்றன. நான்காவதில் முத்தமும் முட்டலுமாக, இரண்டும் ஒன்றாகவே ஆகிவிடுகின்றன. தூரத்தில் தொடங்கி, கண்ணிக்குக் கண்ணி நெருங்கி, மடியில் வந்து முடிகிற இந்த யாத்திரையை எந்தக் குழந்தைக்கும் யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாடி முடித்த பிள்ளை பாடியவள் மடியில் வந்து ஏறிக்கொள்வதை எத்தனையோ வீடுகளில் கண்டிருக்கிறோம். பசுவுக்கு வெண்மை என்ற ஒரே அடைமொழியைத் தவிர வேறு வர்ணனை கிடையாது. கன்றுக்கு அதுவும் இல்லை. தாயன்பு என்ற சொல் பாட்டில் எங்கும் இல்லை. வாத்ஸல்யத்தை இத்தனை சொற்சிக்கனத்தோடு தமிழில் வேறு யாராவது சித்திரித்திருக்கிறார்களா என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

இன்னும் ஒன்று. ‘அம்மா’ என்று கூப்பிடுவது அங்கே கன்று அல்ல, பசு. தாய் தன் பிள்ளையைப் பார்த்து ‘அம்மா’ என்கிறாள். மாடு கத்துகிற ஒலி நம் காதில் அப்படி விழுகிறது என்பது ஒரு சமாதானம். ஆனால் நம் வீட்டுத் தாய்மாரும் பெண் குழந்தையைக் கொஞ்சும்போது ‘என் அம்மா’ என்றுதானே அழைக்கிறார்கள்? நாஞ்சில் நாட்டுத் தொழுவங்களையும் அடுக்களைகளையும் ஒரே காதால் கேட்டவருக்குத்தான் இந்த இடம் வாய்க்கும்.

இனி, நெற்பானையும் எலியும் என்ற கதைப் பாட்டு. பாட்டி வீட்டில் பழைய பானை ஒன்று; அதில் ஓர் ஓட்டை; ஓட்டை வழியாகப் புகுந்த சுண்டெலி நெல்லைத் தின்று தின்று வயிறு பருத்து, வந்த வழியே திரும்ப முடியாமல் அகப்பட்டுக்கொள்கிறது; முடிவில் பூனைக்கு இரையாகிறது. மேனாட்டில் ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதைகளில், மரப்பொந்துக்குள் இடையர் வைத்திருந்த உணவைத் தின்று வயிறு வீங்கி வெளியே வர மாட்டாமல் தவிக்கும் நரியின் கதை உண்டு. கரு ஏறக்குறைய அதுவே. ஆனால் நெல்லே ஐசுவரியமாகிய நாட்டில், பத்தாயத்திலும் பானையிலும் நெல்லைக் காப்பதே வீட்டுப் பெரியவளின் தர்மமாகிய நாட்டில், அந்தக் கரு பாட்டியின் பானைக்குள் புகுந்தபோது அதற்கு வேறொரு ஜீவன் வந்துவிடுகிறது.

இந்தப் பாட்டின் உத்தி வேறு. ஓர் அடியில் கடைசியாக வந்த பொருளை அடுத்த அடி தொட்டு எடுத்துக்கொண்டு நடக்கிறது: பானை வந்தது, அந்தப் பானையில் ஓட்டை, ஓட்டை வந்தது, அந்த ஓட்டை வழி எலி. இலக்கணத்தில் இதை அந்தாதி என்பார்கள்; பக்திப் பிரபந்தங்களில் பெரிய கவிகள் ஆண்ட முறை அது. ஆனால் படிப்பறிவு ஒன்றும் இல்லாத பாட்டிமார், படிப்புரையில் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, “ஓர் ஊரிலே ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு ஒரு மகள், அந்த மகளுக்கு…” என்று கதை சொல்லுகிறபோதும் அதே முறையைத்தானே கையாளுகிறார்கள்! ஆதீனத் தம்பிரானிடம் கேட்ட அந்தாதியும் ஆச்சிமாரிடம் கேட்ட கதைநடையும் கவிமணியின் கையில் வந்து கைகோத்துக்கொண்டன. ஒவ்வொரு கண்ணியும் ‘அடா’ என்ற விளியில் முடிகிறதும் அந்தப் படிப்புரைக் கதைநடைதான். எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது பாட்டு நெடுகத் தெரிகிறது.

நுட்பம் என்று நான் மிகவும் போற்றுவது ஓரிடத்தை. எலி தின்று பருத்ததும், வெளியே வர ஓட்டை சிறுத்துப்போய்விட்டது என்கிறார் கவி. ஓட்டையா சிறுத்தது? வயிறு அல்லவா பெருத்தது! ஆனால் உள்ளே மாட்டிக்கொண்ட எலிக்கு அப்படித்தான் தோன்றும். கதை சொல்லுகிறவர் அந்த ஒரு கணத்தில் பானைக்குள் இறங்கி, எலியின் கண்ணால் அந்த வாசலைப் பார்த்துவிடுகிறார். குழந்தைகள் இந்த இடத்தில் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே சிலர் முகம் சுருங்கும், எலிக்காக. பாட்டின் இறுதியில் நல்வழி, தீயவழி பற்றி ஒரு நீதி சொல்லப்படுகிறது. அதை உபாத்தியாயரின் கடமை என்று வணங்கி ஏற்றுக்கொள்ளலாம். எனினும் பிள்ளைகள் மனசில் காலமெல்லாம் தங்குவது ஓட்டையின் அருகே மூக்கை நீட்டி நின்ற அந்த எலிதான். கவியின் வெற்றி அங்கே இருக்கிறது.

இங்கே எங்கள் ஆச்சியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவள் நாஞ்சில் நாட்டில் ஒரு சிற்றூரின் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள். ஊராருக்கு ‘டீச்சர்’, எங்களுக்கு ஆச்சி. கவிமணியை அவள் நேரில் கண்டதில்லை. ஆனால் அவருடைய பாட்டை அவள் நடத்துவதைப் பார்த்தவர்களுக்கு, பாட்டுக் கட்டியவரும் பாடுகிறவளும் பேசி வைத்துக்கொண்டு செய்கிறார்களோ என்று தோன்றும். புத்தகத்தை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவாள். சுண்ணாம்புக் கட்டி படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முதல் அடியை அவள் மட்டும், பேசுகிற குரலிலேயே தொடங்குவாள். வினைச்சொல் வரைக்கும் சொல்லிவிட்டு நிறுத்துவாள். அடியின் கடைசிச் சொல்லை வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்ல வேண்டும். இரண்டு தரம் சொன்ன பிறகு, வினைச்சொல்லையும் விட்டுவிட்டுக் கையால் மட்டும் காட்டுவாள்: விரல்கள் புல்லைக் கொய்தால் மேய்ச்சல், உள்ளங்கை குதித்தால் துள்ளல். பிள்ளைகள் வினையைத் தாங்களே கண்டுபிடித்துக் கூவுவார்கள். நாலாவது தரத்தில் பாட்டு அவர்களுடையதாகிவிடும். அவள் ஒன்றும் சொல்லாமல் ஜன்னலோரம் நின்று கேட்பாள்.

வேகம் அவளுக்குப் பிடிக்காது. கும்மி மெட்டில் துள்ளுகிற பாட்டாகையால் பிள்ளைகள் ஓட்டம் பிடிப்பது இயல்பு. “பைய, மக்களே, பைய! கன்னுக்குட்டி ஓடி வந்து சேரண்டாமா?” என்பாள். அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கீத சாஸ்திரமே அடங்கியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. கன்று ஓடி வருவதற்கு வேண்டிய நேரத்தைத்தான் கவி அந்தத் தனிச்சொல்லின் நீளமாக வைத்திருக்கிறார். அதை விழுங்கிவிட்டால் தாயும் பிள்ளையும் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிடும்.

எலிப் பாட்டை அவள் பள்ளிக்கூடத்தில் ஒரு விதமாகவும் வீட்டில் வேறு விதமாகவும் பாடுவாள். பள்ளிக்கூடத்தில் கடைசி நீதி வரைக்கும் பாடுவாள். வீட்டில், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, பத்தாயத்தில் சாய்ந்து உட்கார்ந்து பாடும்போது, எலி அகப்பட்ட இடத்தில் நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்ப்பாள். யாராவது ஒரு பிள்ளை, “பொறவு எப்பிடி ஆச்சி வெளிய வரும்?” என்று கேட்கும். “நீயே சொல்லு பிள்ளே” என்பாள். ஒருவன் பானையை உடைக்கச் சொல்லுவான். ஒருத்தி எலியைப் பட்டினி கிடந்து மெலியச் சொல்லுவாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பூனையைக் கொண்டுவருவாள். அந்த ஆலோசனைகளுக்கு இடம் வைத்துத்தான் பாட்டு அந்த இடத்தில் ஒரு மூச்சு நிற்கிறது என்பதைக் கவிதை விமரிசகர்களுக்கு முன்பே ஆச்சிமார் கண்டுகொண்டிருந்தார்கள்.

இதனால்தான் சொல்லுகிறேன்: கவிமணியின் குழந்தைப் பாட்டு காகிதத்தில் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி, பாடுகிறவளின் குரலுக்காகவும் கேட்கிற பிள்ளையின் பதிலுக்காகவும் விட்டு வைக்கப்பட்ட இடம். தம் பாட்டைத் தாமே முழுவதும் நிரப்பிவிட வேண்டும் என்ற ஆசை கவிகளுக்கு உண்டு. அந்த ஆசையை அடக்கி, முகம் தெரியாத ஒரு கிராமத்து ஆசிரியைக்கு இடம் ஒதுக்குவதற்கு, அவளைப் போன்றவர்களோடு வருஷக்கணக்கில் பழகியிருக்க வேண்டும். அவர்கள் பேரில் நம்பிக்கையும் வேண்டும்.

பெண்களின் பேச்சை அவர் எவ்வளவு கூர்ந்து கேட்டவர் என்பதற்கு நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் இன்னொரு சாட்சி. சொத்து மகனுக்குப் போகாமல் மருமகனுக்குப் போகும் தாய முறையால் குடும்பங்கள் சீரழிந்ததை, பஞ்சகல்யாணிப் பிள்ளையின் ஐந்தாம் மனைவி தன் வாயாலேயே சொல்லுவதாக அமைந்த நூல் அது. ‘தமிழன்’ என்னும் பத்திரிகையில் தொடராக வந்து, 1942-இல் புத்தகமாயிற்று. நாஞ்சில் நாட்டு வேளாளர் தாய முறையைத் திருத்திய சட்டம் 1926-இல் வந்தது. அந்த மாற்றத்துக்கு ஜனங்களின் மனசைப் பதப்படுத்தியவற்றுள் இந்தப் பாட்டும் ஒன்று என்று நாஞ்சில் நாட்டார் சொல்லுவார்கள். ஆசிரியப்பாவில் ஓடுகிற அந்தக் கதையில் அடுக்களைப் பழமொழியும் முற்றத்துச் சண்டையும் அசல் குரலில் கேட்கின்றன. பெண்ணுக்கு நீதி கேட்டு எழுந்த பாட்டும் பாலகனுக்குப் பாலூட்டிய பாட்டும் ஒரே செவியிலிருந்து பிறந்தவை.

தமிழில் குழந்தையைப் பாடியவர்களுக்குக் குறைவில்லை. பெரியாழ்வார் தம்மை யசோதையாகவே பாவித்துக்கொண்டு பாடினார். பிறகு வந்த புலவர்கள் பத்துப் பருவங்கள் வகுத்துப் பிள்ளைத்தமிழ் பாடினார்கள். அந்தப் பாடல்களில் குழந்தை தெய்வம், கேட்கிறவர்கள் பெரியவர்கள். ஔவையின் ஆத்திசூடியோ குழந்தைக்கென்றே அமைந்தது. ஆனால் அங்கே பேசுவது ஆணையின் குரல். 1915-இல் பாரதியார் பாப்பாவுக்குப் பாடியபோதுதான் அந்த ஆணையோடு கொஞ்சலும் சேர்ந்தது. கவிமணி அதற்கு அப்பாலும் ஓர் அடி வைத்தார்: தம்முடைய சிறந்த பாட்டுகளில் அவர் குழந்தைக்கு ஒன்றும் கட்டளையிடுவதில்லை; அதன் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, அது பார்க்கிற உயரத்திலிருந்தே உலகத்தைப் பார்க்கிறார். அழ. வள்ளியப்பா முதலியோர் பின்னால் வந்து அகலப்படுத்திய ராஜபாட்டைக்கு முதல் தடம் அங்கேதான் விழுந்தது. கவிமணிக்கும் உமையம்மைக்கும் மக்கட்பேறு வாய்க்கவில்லை என்பதையும் இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஆர்னால்டு 1879-இல் ஆங்கிலத்தில் எழுதிய புத்த சரிதத்தைத் தழுவி ஆசிய ஜோதியும், பிட்ஸ்ஜெரால்டு வழியாக உமர் கய்யாமும் தந்தவர்தாம் இந்தக் கன்றுக்குட்டியையும் தந்தார். அந்தப் பெரிய நூல்களின் பெருமையைப் பேச வேறு சந்தர்ப்பம் உண்டு. ஆனால் பிம்பிசாரனின் வேள்விச் சாலைக்கு ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து செல்லும் புத்தரை அவர் பாடுகிற இடத்தைப் படிக்கும்போது, ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பழகிய நாவின் தெளிவு அங்கும் துலங்குவதைக் காணலாம்.

1938-இல் அவருடைய கவிதைத் தொகுதியாகிய ‘மலரும் மாலையும்’ வெளிவந்தது. 1940-இல் சென்னையில் தமிழவேள் உமாமகேசுவரம் பிள்ளை ‘கவிமணி’ என்ற பட்டத்தை வழங்கினார். இந்தக் கவியின் பெருமையைத் தமிழ்நாடெங்கும் எடுத்துச் சொன்னவர்களில் தலையாயவர் ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியார். ஒரு பாட்டை எடுத்தால், அதன் ஒவ்வொரு அசையையும் நாவில் வைத்துச் சுவைத்து, கேட்கிறவர்களையும் சுவைக்கவைத்த மகாரசிகர் அவர். அவர் 1954 பிப்ரவரியில் மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பர் 26-ஆம் தேதி கவிமணியும் மறைந்தார். நாஞ்சில் நாட்டுத் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவானது அதற்கும் பிறகு, 1956 நவம்பர் முதல் தேதி. தம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் தமிழ் முதல் ஆசனத்தில் உட்காருவதைப் பார்க்கக் கவிமணி இல்லை. கோட்டாற்றில் அவர் பெயரைத் தாங்கிய அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி இன்று இருக்கிறது. பெண்களுக்கு ஆசிரியத் தொழில் கற்பித்தவருக்கு அதைவிடப் பொருத்தமான ஞாபகச் சின்னம் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது இந்தப் பாட்டுகள் கைப்பேசியிலும் தொலைக்காட்சியிலும் வருகின்றன. பசு ஆடுகிறது, கன்று ஆடுகிறது, பின்னால் நாலைந்து வாத்தியங்கள் முழங்குகின்றன. குழந்தை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறது. பாட்டுப் பரவுவது நல்லதே, தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் குழந்தை கடைசிச் சொல்லைத் தான் நிரப்புவதற்காக யாரும் காத்திருப்பதில்லை. “பொறவு?” என்று அது கேட்டால் பதில் கேள்வி கேட்பார் இல்லை. தனிச்சொல்லின் நீளம் மத்தளத்தில் மறைந்துவிடுகிறது. பள்ளிக்கூடங்களிலோ இதே பாட்டு மனப்பாடப் பகுதியாகி, மதிப்பெண்ணுக்காக ஒரே மூச்சில் ஒப்பிக்கப்படுகிறது. இரண்டு இடத்திலும் கவிமணி விட்டு வைத்த அந்தப் பாதி காலியாகவே கிடக்கிறது.

ஆகவே, ஆரம்ப வகுப்பு நடத்துகிற ஆசிரியைகளையும், வீட்டில் சிறு பிள்ளைகளை வைத்திருக்கிற ஆச்சிமார், தாத்தாமாரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். குரல் இனிமையாக இருக்க வேண்டிய அவசியமில்லை. ராகம் தெரிந்திருக்க வேண்டியதும் இல்லை. பாட்டை முதலில் நீங்கள் நெட்டுருப் பண்ணிக்கொள்ளுங்கள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, மெதுவாகப் பாடுங்கள். ஒவ்வோர் அடியிலும் கடைசிச் சொல்லை அதற்கு விட்டுவிடுங்கள்.